பாதி வழி பஸ், மீதி வழி சைக்கிள்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



நான் எழுந்தாலே கடன் நிலுவை பற்றித்தான் பேசுவேன் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு அது இல்லை. திருச்சிக்கு வேலைக்குப் போய் வருவது பற்றிப் பேசப் போகிறேன்.

கீரனூர் பக்கத்திலிருந்து எத்தனையோ பெண்கள் தினமும் திருச்சி போகிறார்கள். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, வீட்டு வேலை, ஹோட்டல், காந்தி மார்க்கெட்டில் கீரை, பூ வியாபாரம் என்று போகிறார்கள். போனவர்களில் பலர் சில மாதத்தில் நின்றும் விடுகிறார்கள். குழுக் கூட்டங்களுக்கு வரும்போதெல்லாம் ஏன் நின்றீர்கள் என்று கேட்டுக்கொண்டே வருகிறேன். "போக்குவரத்து ஒத்து வரலைங்க" என்பதுதான் நிறைய பேர் சொன்ன பதில். போக்குவரத்து என்றால் என்ன என்று இன்னும் கொஞ்சம் தோண்டிக் கேட்டால், பஸ்ஸில் போகும் நேரத்தை யாரும் குறை சொல்லவில்லை. பஸ் ஏறுவதற்கு முன்னால் உள்ள 3 கிலோமீட்டரும், இறங்கின பிறகு உள்ள 4 கிலோமீட்டரும்தான் பிரச்சினை.

ஒரு தங்கச்சி ஜவுளிக்கடை வேலையை நான்காவது மாதம் விட்டுவிட்டாள். மெயின் ரோட்டில் இறங்கினால் கணவர் வண்டி கொண்டு வர வேண்டும். அவர் வந்தால்தான் வீடு. வராத நாளில் டீக்கடை வாசலில் நிற்க வேண்டும். "சம்பளம் வாங்குறது நான். ஆனா நான் வீட்டுக்கு எப்ப போகணும்னு முடிவு பண்றது வேற ஆளு" என்று அந்தத் தங்கச்சி சொன்னாள். அவள் விட்டது வேலையை மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

பயணத்தில் மூன்று துண்டு

நாம் எல்லோரும் "திருச்சிக்குப் போறேன்" என்று ஒரே பயணமாகச் சொல்கிறோம். உண்மையில் அது மூன்று துண்டு. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் முதல் துண்டு. பஸ் இரண்டாவது துண்டு. இறங்கின இடத்திலிருந்து வேலை இடம் மூன்றாவது துண்டு. நடுத்துண்டை அரசாங்கமும் தனியார் பஸ்ஸும் பார்த்துக்கொள்கின்றன. முதல் துண்டையும் மூன்றாவது துண்டையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கேதான் நேரமும் காசும் போகிறது, யாரையாவது எதிர்பார்த்தும் நிற்கிறோம்.

இந்த இரண்டு முனைக்கும் ஏற்ற வண்டி சைக்கிள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பஸ்ஸை விட வேண்டாம், திருச்சி வரை சைக்கிள் மிதிக்கவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வோம்.

3 கிலோமீட்டர் நடந்தால் 40 நிமிடம் ஆகும். சுமையோடு என்றால் இன்னும் அதிகம். சைக்கிளில் சாதாரணமாக மிதித்தாலே 15 நிமிடத்தில் போய்விடலாம்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஆனால் அந்த பஸ் எல்லா ஊர் வாசலுக்கும் வரவில்லை. நம் ஊர் ஸ்டாப்பில் புறநகர் பஸ் மட்டும் நிற்கும், அதற்கு டிக்கெட் எடுக்கணும். 5 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ரோட்டில் டவுன் பஸ் ஓடும். நடந்து போகிறவளுக்கு ஒரே ஸ்டாப்தான். சைக்கிள் வைத்திருப்பவளுக்கு இரண்டு மூன்று ஸ்டாப் இருக்கிறது, எது லாபமோ அங்கே போகலாம். ரயில் நிலையம் கிட்டத்தில் இருந்தால் சீசன் டிக்கெட்டும் எடுக்கலாம். அது தினமும் டிக்கெட் எடுப்பதைவிட மிகவும் குறைவு. காலை 7 மணி ரயிலுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியுமா என்பதுதான் கேள்வி. சைக்கிள் இருந்தால் முடியும்.

நம் மாவட்டத்துக்கு இது புதுசா?

"பொம்பளைங்க சைக்கிள்ல போறதா?" என்று யாராவது கேட்டால், இது புதுக்கோட்டை மாவட்டம் என்று சொல்லுங்கள்.

1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுத்ததோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைத்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், கிராம செவிலியர், பால்வாடி ஆயாக்கள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் போனதால் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதி, வெளி மாநிலத்துக்காரர்கள்கூட புதுக்கோட்டைப் பெண்களைத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட அம்மாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். கை தூக்குங்க பார்க்கலாம். (பலர் கை தூக்கினார்கள்.) பாருங்க!

அவர்களுக்கு அப்போது என்ன கிடைத்தது? காய்கறியும் வேறு பொருளும் விற்கிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நேரே போய் விற்றார்கள். தண்ணீர் எடுக்கவும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் ஆம்பளைகளை எதிர்பார்க்காமல் கிளம்பினார்கள்.

இப்போது நிலைமை என்ன? வீட்டுக்கு வீடு மோட்டார் பைக் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் சாவி யார் பாக்கெட்டில் இருக்கிறது? அம்மா தானே மிதித்துப் போன ரோட்டில் மகள் பின்னால் உட்கார்ந்து போகிறாள். வண்டி வேகமாகப் போகிறது, நாம் பின்னால் போய்விட்டோம். இதை யோசிக்க வேண்டும்.

திண்ணையில் துருப்பிடிக்கிற சைக்கிள்

சைக்கிளுக்குக் காசு எங்கே போவது என்று கேட்பீர்கள். முதலில் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

அரசு 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில் 11-ஆம் வகுப்பு படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் வந்தது. நம் ஊரில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் பெரும்பாலும் ஒரு சைக்கிள் இருக்கும். பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கும், கல்யாணமாகிப் போயிருக்கும். சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கும், அதன் மேல் சாக்கு காயும்.

டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டு, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தால் அது ஓடும். புது சைக்கிள் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவு. ஒரே நாளில் ஊரில் இருக்கிற எல்லா சைக்கிளையும் ஒரு இடத்தில் சேர்த்து, சைக்கிள் கடைக்காரரை வரச் சொன்னால் கூலியும் குறையும்.

நகரத்து முனைக்கு இன்னொரு சைக்கிள்

முதல் துண்டு முடிந்தது. மூன்றாவது துண்டுக்கு என்ன செய்வது? சைக்கிளைத் தூக்கி பஸ்ஸுக்குள் போட முடியாது. அதனால் நகரத்தில் இன்னொரு பழைய சைக்கிள் வைத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

சிரிக்காதீங்க. நெதர்லாந்து என்ற நாட்டில் இதை ரொம்பக் காலமாகச் செய்கிறார்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு சைக்கிள், ரயிலில் இறங்கின ஊரில் இன்னொரு பழைய சைக்கிள். அங்கே உட்ரெக்ட் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடம் இருக்கிறது. 2019-ல் அது முழுதாகத் திறந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஊரில் கார் வைத்திருப்பவர்களே ஊர் எல்லையில் காரை நிறுத்திவிட்டு உள்ளே சைக்கிளில் போகிறார்கள். வசதி இல்லாமல் போகவில்லை. நெரிசலில் அதுதான் சீக்கிரம்.

நமக்கு இது இப்போது இன்னும் தேவையாகிவிட்டது. பெரிய ஊர்களில் வெளியூர் பஸ் நிற்கும் இடத்தை ஊருக்கு வெளியே கொண்டு போகிறார்கள். சென்னையில் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் வந்தது. திருச்சியில் 2025-ல் பஞ்சப்பூர் முனையம் வந்தது. நகரத்துக்குள் நெரிசல் குறைய இது நல்லதாக இருக்கலாம். ஆனால் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கோ, என்.எஸ்.பி. ரோடு கடைக்கோ போகிற நமக்கு மூன்றாவது துண்டு நீண்டுவிட்டது.

இரண்டு சைக்கிளுக்கும் தங்குகிற நேரம் வேறு. ஊர் சைக்கிள் பகலில் மெயின் ரோட்டில் நிற்கும், ராத்திரி வீட்டில் இருக்கும். நகரத்து சைக்கிள் பகலில் வேலை இடத்தில் நிற்கும், ராத்திரி ஸ்டாண்டில் நிற்கும். அதனால் நகரத்தில் நாள் வாடகை பார்க்காமல் மாத வாடகை பேசுங்கள். நகரத்து சைக்கிள் புதுசாக, பளபளப்பாக இருக்கவே கூடாது. பிரேக்கும் பூட்டும் நன்றாக இருந்தால் போதும். பார்க்க அழகாக இருந்தால்தான் திருடனுக்கு ஆசை வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் குழுவில் எதையும் கணக்கு இல்லாமல் செய்வதில்லை. இது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர்க் கட்டணம் எதுவோ அதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது: ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய், திரும்ப 20. நகரத்தில் ஆட்டோ 20, திரும்ப 20. ஒரு நாளைக்கு 80 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் 2000 ரூபாய்.

சைக்கிள் வைத்தால்: மெயின் ரோட்டில் நிறுத்த நாளைக்கு 5 ரூபாய், 25 நாளுக்கு 125. நகரத்தில் மாத வாடகை 300. பஞ்சர், காற்று, எண்ணெய்க்கு 75 என்று வைப்போம். மொத்தம் 500 ரூபாய்.

மிச்சம் மாதம் 1500 ரூபாய். வீட்டு சைக்கிளைச் சரிபார்க்கவும், நகரத்துக்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கவும் குழுவில் 3000 ரூபாய் உள்கடன் எடுத்தால், மாதம் 500 அசல் கட்டினாலும் 6 மாதத்தில் முடிந்துவிடும். அதுவரைக்கும் வட்டி போகக்கூட கையில் 900 ரூபாய்க்கு மேல் நிற்கும்.

நேரக் கணக்கும் பாருங்கள். ஊர் முனையில் நடக்கிறவருக்கு 25 நிமிடம் மிச்சம். நகரத்தில் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து போக 40 நிமிடம் என்றால், 4 கிலோமீட்டர் சைக்கிளில் 20 நிமிடம். ஒரு வழிக்கு 45 நிமிடம், போக வர ஒன்றரை மணி நேரம் மிச்சம். அந்த ஒன்றரை மணி நேரம் அரை மணி கூடுதல் தூக்கமாக இருக்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருவதாக இருக்கலாம், சும்மா உட்காருவதாகவும் இருக்கலாம். அது உங்கள் விருப்பம்.

மொபெட் வைத்திருக்கிறவர்களுக்கு

சில ஊர் ரொம்ப உள்ளே இருக்கிறது. 8 கிலோமீட்டர் தினமும் இரண்டு நேரம் மிதிப்பது எல்லோருக்கும் முடியாது. அங்கே எக்ஸ்.எல்., ஸ்கூட்டி வைத்திருக்கிற பெண்கள் அதில் கீரனூர் வரை வந்து, ஸ்டாண்டில் விட்டு, பஸ் ஏறி, நகரத்தில் சைக்கிள் எடுக்கலாம்.

திருச்சி வரைக்கும் வண்டியிலேயே போனால் என்ன என்று ஒரு அக்கா கேட்டார்கள். போக வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலே நாளைக்கு 120 ரூபாய். நெடுஞ்சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தினமும் போக வேண்டும். 8 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் போக வர 16 கிலோமீட்டர், சுமார் 32 ரூபாய். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஆளுக்கு 16 ரூபாய். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றும் இருக்கணும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். சைக்கிளுக்கு உரிமமும் இன்சூரன்ஸும் வேண்டாம்.

பயமும் வெட்கமும்

"எனக்கு 40 வயசு, இனிமே எங்க கத்துக்கிறது?" கத்துக்கலாம். சீட்டைத் தாழ இறக்குங்கள், உட்கார்ந்தால் இரண்டு காலும் முழுசாகத் தரையில் படணும். முதல் இரண்டு நாள் பெடலைத் தொடாதீர்கள். காலால் தரையை உந்தி உந்திப் போங்கள். சமநிலை அதில் வந்துவிடும். பிறகு லேசான சரிவில் பெடலில் கால் வையுங்கள். சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பாருங்கள். பிரேக் பிடித்து நிற்கத் தெரிந்த பிறகுதான் ரோட்டுக்கு வரணும். பள்ளி மைதானம், களம், ஏரிக்கரை போதும். அறிவொளியில் கற்ற அம்மாக்கள் கூட நிற்கட்டும்.

சேலை, துப்பட்டா விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். செயின் மூடியும் பின் சக்கரத்து வலையும் கட்டாயம். கொசுவத்தைத் தூக்கிச் செருகுங்கள். துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போடுங்கள்.

இருட்டு விஷயம். இதை மறைத்துப் பேச முடியாது. குளிர்காலத்தில் ஆறரை மணிக்கே இருட்டிவிடுகிறது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் முன்னால் விளக்கும் இல்லாமல் போகாதீர்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் எதிர்த் திசையில் போகாதீர்கள். நகரத்தில் ரவுண்டானா வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்து போங்கள், அதில் வெட்கம் இல்லை. ஒரே பஸ்ஸில் இறங்குகிறவர்கள் ஜோடி சேர்ந்து போங்கள். இரண்டு சைக்கிள் மணி சேர்ந்து கேட்டால் ரோடு பழகிவிடும். ஒன்பது மணிக்கு மேல் விடுகிற வேலைக்கு இது மட்டும் போதாது. அங்கே வேலை கொடுப்பவரிடம் வண்டி வசதி கேட்பதும், நேரத்தை மாற்றச் சொல்வதும் வேண்டும். அதைத் தனி ஆளாகக் கேட்க வேண்டாம், கூட்டமைப்பு கடிதம் தரும்.

கேலி பேசுகிறவர்கள் பேசட்டும். 1991-லும் பேசினார்கள். ஊரே ஓட்டின பிறகு யாரைப் பார்த்து யார் கேலி செய்வது?

குழு செய்ய வேண்டியது

தனி ஆளாக ஒருத்தி சைக்கிள் எடுத்தால் ஒரு மாதத்தில் நிறுத்திவிடுவாள். ஒரு நாள் பஞ்சர், ஒரு நாள் பூட்டை உடைப்பு, ஒரு நாள் மாமியார் பேச்சு. பத்துப் பேர் சேர்ந்தால் நிற்காது. அதனால் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. ஊரில் ஓடாமல் கிடக்கும் சைக்கிள் எத்தனை, யார் வீட்டில், என்ன பழுது என்று ஊக்குநர் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும்.

2. நகரத்துக்கு வேலைக்கோ, படிக்கவோ, வியாபாரத்துக்கோ போகிறவர்கள் யார், எந்த பஸ், எந்த ஸ்டாப், திரும்பும் நேரம் என்ன என்று எழுத வேண்டும். ஜோடி சேர்க்க இது உதவும்.

3. சைக்கிள் பழுதுக்கும் பழைய சைக்கிள் வாங்கவும் சிறு உள்கடன் கொடுக்கலாம். சைக்கிள் பெண்ணின் பெயரில், பெண்ணின் உபயோகத்துக்கு என்று தீர்மானத்தில் எழுதுங்கள். கடன் நம் பெயரில் வாங்கி, சைக்கிளைத் தம்பி எடுத்துப் போனால் இந்தப் பேச்செல்லாம் வீண்.

4. மெயின் ரோட்டு ஓரம் இருக்கிற ஊரில் உள்ள குழுவே சைக்கிள் ஸ்டாண்டு நடத்தலாம். ஒரு கொட்டகை, டோக்கன், ஒரு ஆள் போதும். சின்ன வருமானம், பெரிய உதவி. இடத்துக்கு ஊராட்சியில் மனு கொடுத்து, கிராம சபையில் பேசுங்கள்.

5. நகரப் பேருந்து நிலைய ஸ்டாண்டுகளை உள்ளாட்சி ஏலம் விடுகிறது. பெண்கள் சைக்கிளுக்கு மாத வாடகையைக் குறைத்து வைக்கும்படி கூட்டமைப்பு சார்பில் மனு கொடுப்போம். வேலை செய்கிற கடையிலேயே ராத்திரி சைக்கிள் வைக்க அனுமதி கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் யாரும் தரப் போவதில்லை.

6. வாரம் இரண்டு நாள் சாயங்காலம் கற்றுக்கொடுக்கும் நேரம். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர், கற்றுக்கொள்கிறவர் இருவர்.

சைக்கிளால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கூலி குறைவு, வீட்டு வேலைச் சுமை, பஸ் பற்றாக்குறை எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் "நான் எப்ப வீட்டுக்குப் போகணும்" என்பதை நானே முடிவு செய்ய முடிந்தால், மற்ற சண்டைகளைப் போடத் தெம்பு மிஞ்சும். நின்றுபோன வேலையைத் திரும்பப் பிடிக்கவும் ஒரு வழி கிடைக்கும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது முதல் இரண்டு பட்டியலையும் கையில் கொண்டு வாங்க. முடிந்தவர்கள் சைக்கிளிலேயே வாங்க. நிறுத்த இடம் நான் பார்த்து வைக்கிறேன்.